பரவாயில்லைக்கு மூன்று மார்க்

எம்.ஏ. முடித்துவிட்டு மேற்கு மாம்பலம் வீட்டில் எட்டு மாதம் அரிசியில் கல் பொறுக்கிய பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அரசாங்க இலாகாக்கள் எப்படி வேலை செய்கின்றன, செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது அவர்கள் தொழில்.

"அதுக்கு ஒரு நிலையம் கட்டணுமா? தெருமுனையில ரேஷன் கடை வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தா போதாதா?" என்றார் அப்பா.

அம்மாவின் கவலை வேறு. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், எங்கள் புரொபசர் வெளிநாட்டில் படித்தவர், எல்லாவற்றையும் கலப்பு முறையில்தான் செய்வார், என்னையும் அதில் சேர்த்துக்கொண்டுவிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா ஸ்டவ்வை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பையன் யாரு?" என்று கேட்டாள். கலப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் திருமணம் தவிர வேறு எதுவும் வரலாம் என்று அவளுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் புரொபசருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று இரண்டு முறை விசாரித்தாள். அவருக்குப் பேரன் இருந்தான்.

புரொபசர் சொன்ன கலப்பு இதுதான். ஜனங்களிடம் கேள்வி கேட்டுப் பதிலை எண்ணாக்கிக் கூட்டிக் கழிப்பது ஒரு வகை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பேசுவதை அப்படியே எழுதிக்கொள்வது இன்னொரு வகை. ஒன்றை மட்டும் செய்தால் பாதிதான் தெரியும், இரண்டையும் கலக்க வேண்டும் என்பார். "அப்படியே எழுதணும்னா அப்படியே. இருமினா இருமல்னு எழுதணும்" என்றார். நானோ சொன்னதைச் செய்கிற ஜாதி. என் நோட்டுப் புத்தகங்களில் இன்றைக்கும் 'நல்லாத்தான் இருக்கு (கொசு அடித்தார், தப்பிவிட்டது)' என்றெல்லாம் இருக்கும்.

பேச்சுக்கு நான். எண்ணுக்கு ஒரு புள்ளியியல்காரர். ஐம்பது வயது, நெற்றியில் குங்குமம், மேஜைமேல் கையால் சுற்றுகிற கணக்கு மெஷின் ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் கடகடவென்று ஓடி 'டிங்' என்று மணியடிக்கும். அந்த மணி அடித்தபின் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. என்னை 'மிஸ்' என்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் இலாகா (பெயர் வேண்டாம், பாவம்) ஒரே ஒரு புதுத் தெருக்குழாய் போடுவதாக இருந்தது. மூன்று தெருக்கள் அதற்கு மனுப் போட்டிருந்தன. மயிலாப்பூரில் ஒன்று, தி.நகரில் ஒன்று, சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரச் சந்து ஒன்று. எந்தத் தெருவில் அதிருப்தி அதிகமோ அந்தத் தெருவுக்குக் குழாய். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது நாங்கள். நிதியாண்டு முடிவதற்குள் அறிக்கை போய்ச் சேர்ந்தால், இலாகா அடுத்த ஆய்வையும் எங்களுக்கே கொடுக்கும், எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை. ஒரு நாள் தள்ளிப்போனாலும் எனக்கு மறுபடி அரிசியில் கல்.

கேள்வித்தாளைப் புரொபசர் இங்கிலீஷில் எழுத, புள்ளியியல்காரர் தமிழாக்கினார். 'தங்கள் வீதியின் பொதுக்குழாய் நீர் விநியோகத்தில் தாங்கள் திருப்தியா?' என்று முதல் கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்க என்னை முதலில் சிந்தாதிரிப்பேட்டைச் சந்துக்கு அனுப்பினார்கள். சந்து முனையில் ஒரு அக்கா ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல ஆகிருதி. அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு கேள்வியை உரக்கப் படித்தேன்.

"திருப்பதியா?" என்றார். "இன்னும் போவலியே கண்ணு. வேண்டிகினுதான் கீறோம். எங்க வூட்டுக்காரருக்கு முட்டி வலி, மல ஏற முடியாது."

"திருப்பதி இல்லக்கா, திருப்தி."

"அத்தத்தான் நானும் சொல்றேன்."

பக்கத்து வீட்டு அம்மா இரண்டு முறை போய்வந்தவராம், மொட்டை போட்ட தலையைக் காட்டினார். இன்னொருவர், தண்ணீர்க்குழாய்க்கும் திருப்பதிக்கும் என்ன சம்பந்தம், இலாகா பஸ் விடுகிறதா என்று கேட்டார். பஸ் என்ற சொல் சந்துக்குள் ஓடியது. நான் கிளம்பும்போது பதினேழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு ஜன்னல் சீட் வேண்டும்.

நிலையத்தில் அவசரக் கூட்டம் போட்டோம். திருப்தி என்ற சொல்லை நம் ஊரில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின்னால் தவிர வேறெங்கும் யாரும் சொல்வதில்லை என்று நான் வாதாடினேன். 'தெருக்குழாய்த் தண்ணி எப்படி இருக்கு?' என்றே கேட்பது என்று முடிவாயிற்று. ரொம்ப நல்லா இருக்கு என்றால் ஐந்து மார்க். நல்லா இருக்கு என்றால் நாலு. நல்லா இல்லைக்கு இரண்டு, மோசத்துக்கு ஒன்று.

"நடுவுல மூணுக்கு என்ன போடறது?" என்றார் புள்ளியியல்காரர்.

"பரவாயில்லை" என்றேன் நான்.

இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது நானேதான். வேறு யார்மீதும் பழி போட முடியாது. பேனாவை வாங்கி என் கையாலேயே எழுதினேன். பரவாயில்லை: மூன்று.

முதலில் தி.நகர். தெருவில் பாதி ஜவுளிக்கடை. ஒரு கடையில் முதலாளி தெற்கத்திக்காரர். பண்டிகை நெருங்கிய நேரம், கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வாசல்வரை கூட்டம். நடுவில் புகுந்து அவரிடம் போய், முதலில் நல்லபடியாகப் பேச்சுக் கொடுப்போம் என்று, "வியாபாரம் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஏதோ பரவால்லம்மா" என்றார், ஒரு கையால் நோட்டுக்கட்டை மேஜைக்குள் தள்ளிக்கொண்டே.

"பிள்ளைங்க நல்லா படிக்கிறாங்களா?"

"பரவால்ல."

"வீட்டுல அக்கா சௌக்கியமா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "பரவால்ல" என்றார் மெதுவாக. "இதையும் எழுதிக்கிடுதீயளா?"

குழாய்த் தண்ணீருக்கும் பரவால்ல. நல்லா இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவர்கள் சாஸ்திரம். அந்தத் தெருவில் பரவால்ல என்றால் அமோகம் என்று அர்த்தம். இதுகூட எனக்கு அன்று உறைக்கவில்லை. மூன்று மார்க் போட்டுவிட்டு, ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எப்படி வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்து மயிலாப்பூர். பெரிய பங்களா ஒன்றில் ரிடையரான மாமா ஒருவர் என்னை ஊஞ்சலுக்கு எதிரே உட்கார வைத்தார்.

"எங்காத்துல ரெண்டு குழாய், ஒரு கிணறு. ஜலத்துக்குக் குறைவே கிடையாது. ஆனா இந்தத் தெருக்குழாய் இருக்கே, கார்த்தால நாலு மணிக்கே கொர்ர்ர்னு கத்தறது. ஸ்லோகம் பாதில மறந்துபோறது. அது அந்தண்டை போகணும். புதுசா ஒண்ணு தள்ளிப் போடச் சொல்லு."

"அப்போ எப்படி இருக்குன்னு போடட்டும் மாமா?"

"மோசம்னு போடு. அடிக்கோடு போடு."

உள்ளே இருந்து மாமி, "பரவாயில்லைன்னு சொல்லிட்டுப் போங்கோளேன், பாவம், அந்தக் குழந்தை வெயில்ல வந்திருக்கு" என்றார். "நீ சும்மா இரு" என்று மாமா என்னையும் அழைத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் நான் கேள்வி கேட்க, அவர் என் பின்னால் நின்று பதில் சொன்னார். ஏழு வீட்டில் மோசம்.

கடைசியாகச் சிந்தாதிரிப்பேட்டை. திருப்பதி பஸ் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு ஆப்பக்கார அக்கா எழுந்துபோய் நாலைந்து பேரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். நான் வீடு வீடாகக் கேட்டேன். தண்ணி எப்படி இருக்கு? பரவால்ல. தண்ணி எப்படி இருக்கு? பரவால்ல. சந்து முழுக்க, ஒரு வாசல் விடாமல், பரவால்ல. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. களைத்திருந்தேன் என்று அக்கா தவலையிலிருந்து ஒரு லோட்டா தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்தேன். "தண்ணி நல்லாத்தானே இருக்கு!" என்று சொல்லி இன்னொரு லோட்டா கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த வாக்கியம் நினைவுக்கு வரும்போதெல்லாம் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

புள்ளியியல்காரர் நாலு நாள் மெஷினைச் சுற்றினார். டிங். தி.நகருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் ஒரே மார்க், மூன்று. மயிலாப்பூருக்குத்தான் எல்லாவற்றிலும் குறைவு. ஆகவே ஊரிலேயே தண்ணீருக்குத் தவிக்கிற தெரு, இரண்டு குழாயும் ஒரு கிணறும் ஊஞ்சலும் உள்ள அந்தத் தெருதான் என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபணம் ஆயிற்று. குழாய் மயிலாப்பூருக்கு.

"தப்பா இருக்கே சார்" என்றேன்.

"கூட்டல் மூணு தடவை பார்த்தாச்சு மிஸ்."

"கூட்டல் சரி சார். விடை தப்பு."

இருபது வருஷ சர்வீஸில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் என் நோட்டை எடுத்துப் படித்தேன். அறிக்கையின் கடைசியில் பின்னிணைப்பாக, யாரும் படிக்காத இடத்தில் போகவிருந்த நோட்டு. 'பரவால்ல (பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்)' என்று இருந்தது. அடுத்த வீடு: 'பரவால்ல (காலிக் குடத்தைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்)'. அதற்கடுத்தது: 'பரவால்ல (சிரிப்பை அடக்கினார்)'. நானே பார்த்து, நானே எழுதி, எதையும் புரிந்துகொள்ளாமல் வந்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைக் கை எழுதியிருக்கிறது. தலை மட்டும் லீவில் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் சந்துக்குப் போனேன். அக்கா பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, நோட்டைத் திறக்காமல், "ஏன்க்கா எல்லாரும் பரவால்லன்னு சொன்னீங்க?" என்று நேராகக் கேட்டேன்.

அக்கா ஆப்பச்சட்டியைச் சுழற்றினார். "போன வருசம் ஒர்த்தன் வந்தான், கொசு மருந்து அடிக்கிறவன். கொசு கீதான்னு கேட்டான். கீதுன்னு எல்லாரும் கைநாட்டு வெச்சிக் குடுத்தோம். அடுத்த வாரம் அவனுக்கு வேல பூட்ச்சி. ரெண்டு கொழந்தக்காரன். கொசு அப்படியேதான் கீது."

"அதுக்கும் எனக்கும் என்னக்கா?"

"நீ கொயா ஆபீசு பொண்ணு. தண்ணி வர்லன்னு நாங்கோ சொன்னா உன்னத்தான புடிப்பாங்கோ? காத்தடிச்சா பறந்துடுவ போல கீற. பாவம், நம்மளால இதுக்கு வேல போவக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன்."

"இங்க குழாய்ல தண்ணி வருதா இல்லையாக்கா?"

"கொயாவா? அது வாயத் தொறந்து மூணு மாசமாவுது. பாலத்தத் தாண்டிப் போய்த்தான் தூக்கியாறோம். எம் மருமவ எட்டு மாசம். அதுவும்தான் தூக்குது."

அன்று நான் குடித்த இரண்டு லோட்டாவும் அந்தப் பெண் பாலத்தைத் தாண்டிச் சுமந்துவந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆப்பம் வாங்க வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அக்கா, புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அவர்களிடம் சொல்லிச் சமாளித்தார்.

அடையாறுக்குத் திரும்பும்போது அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. புரொபசர் அறைக்குள் புயல் மாதிரி நுழைந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பரவால்ல என்றால் தி.நகரில் அமோகம், சிந்தாதிரிப்பேட்டையில் உனக்கு வேலை போக வேண்டாம் என்று அர்த்தம், இரண்டுக்கும் மூன்று மார்க் போட்டவள் கழுதை, அந்தக் கழுதை நான்தான் என்றேன்.

புரொபசர் வேர்க்கடலையை உரித்தபடியே கேட்டார். உரித்ததைத் தின்ன மறந்து மேஜையில் குவித்துக்கொண்டே போனார். புள்ளியியல்காரர்தான் பேசினார்.

"மறுபடி கேட்டுட்டு வந்து, மறுபடி கூட்டி, டைப் அடிக்கணும்னா தேதி தாண்டிடும் மிஸ். தேதி தாண்டினா அடுத்த ஆய்வு கிடையாது. நான் பெர்மனென்ட். நீங்க இல்லை."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. புரொபசர் என்னைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

தர்மம் நியாயமெல்லாம் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு அந்த ஊஞ்சல் மாமாவின் முகம்தான் கண்முன் வந்தது. அடிக்கோடு போடச் சொன்ன முகம். "மூணு நாள் வேணும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

சந்துக்குத் திரும்பினால் அடுத்த சிக்கல். வேலை போகாது என்று சத்தியம் செய்தேன். ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் பார்க்காத சத்தியமா என்றார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "நீங்க எவ்வளவு மோசமா சொல்றீங்களோ, அவ்வளவு சீக்கிரம் எனக்கு பிரமோஷன்."

அக்கா இடுப்பில் கைவைத்து எழுந்தார். "அத்த முன்னாடியே சொல்ல மாட்டியா? ஏய், எல்லாரும் வாங்கடி! நம்ம பொண்ணுக்கு பிரமோசனாம்!"

அதன்பிறகு அந்தச் சந்தில் பேசப்பட்டதை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். டைப் அடிக்கிற பெண் பாதியில் எழுந்து போய்விட்டாள். இலாகாவின் தாத்தா, பாட்டி, அவர்கள் வளர்த்த நாய்வரை யாரையும் விடவில்லை. கஸ்மாலம் என்ற சொல்லை நான் ஒரு பக்கத்தில் பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு குழாய்க்கு இத்தனை சொல் நம் மொழியில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் நாள் புள்ளியியல்காரரும் கூட வந்தார். கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாசலில் நின்று தானே கேட்டார். "தண்ணி எப்படிம்மா இருக்கு?"

வீட்டுக்கார அம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் முன் நிறுத்தினார். "நீயே கேளு நைனா. அது பேசுதான்னு பாரு."

அவர் குழாயைத் திருகினார். அது லேசாகத் தும்மியது. வாயிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்து, அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு தாளில், ஐந்திலிருந்து ஒன்று வரைதான் மார்க் இருந்த அந்தத் தாளில், தன் கையால் பூஜ்யம் என்று எழுதினார்.

அறிக்கை தேதிக்கு ஆறு நாள் தாமதமாகப் போயிற்று. இந்த முறை என் நோட்டு பின்னிணைப்பில் இல்லை, முன்னால் இருந்தது. இலாகா அதிகாரி முழுவதும் படித்தாராம், வாய்விட்டுப் படித்ததில் ஆபீஸே கூடிவிட்டதாம். குழாய் சிந்தாதிரிப்பேட்டைக்கு என்று கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால், தாமதத்தைக் காரணம் காட்டி, அடுத்த ஆய்வு கிடையாது என்றும் எழுதினார். புரொபசர் எனக்கு நல்ல சர்டிபிகேட் ஒன்று கொடுத்தார். புள்ளியியல்காரர் பஸ் ஸ்டாப்வரை வந்து, பஸ் கிளம்பும்வரை குடையோடு நின்றார்.

ஒரு மாதம் கழித்து, வீட்டில் இருக்கப் பிடிக்காமல், சந்தைப் பார்க்கப் போனேன். புதுக்குழாய் முன்னால் குடங்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர் கொட்டிய சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்ததும் மணையை எடுத்துப் போட்டு, ஆப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். மருமகளுக்குப் பெண் குழந்தை என்றார்.

"பிரமோசன் வந்துச்சா கண்ணு?"

"வந்துச்சுக்கா."

"வந்துடுச்சாம்டீ!" என்று அக்கா குழாய்ப் பக்கம் திரும்பிக் கத்தினார். குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கையைத் தட்டினார்கள். எனக்குக் கீழே எத்தனை பேர் என்று ஒருவர் கேட்டார். மூன்று பேர் என்றேன். நாக்கு கூசவில்லை.

அக்கா இரண்டாவது ஆப்பத்தை என் இலையில் வைத்தார். வைக்கும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பிரமோசன் வந்தவ திங்கக்கெயம பத்தரை மணிக்கு இங்க குந்திகினு ஆப்பம் துன்ன மாட்டா. எப்பப் பூட்ச்சி வேல?"

"போன மாசம்."

அக்கா ஆப்பச்சட்டியை இறக்கி வைத்தார். பிறகு கிண்ணத்தில் மீதியிருந்த தேங்காய்ப்பாலை எல்லாம் என் இலையில் ஊற்றினார்.

"துன்னு. அவுங்ககிட்ட சொல்லாத. அப்பறம் தண்ணி புடிக்கசொல்லோல்லாம் அவுங்களுக்கு மனசு பேஜாராப் பூடும்."

நான் சொல்லவில்லை.